ஜமா என்றால் என்ன, மாப்பிள்ளை?

கடம்பத்தூர்
8-3-77

மாப்பிள்ளை துலுக்காணத்துக்கு மணவாளன் எழுதுவது.

நீயும் தங்கச்சி கனகாம்பாளும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டால் பதில் எழுத மாட்டாய் என்பதால் நானே முடிவு செய்துகொண்டேன். ஊருக்கு முன்னால் தங்கை புருஷனுக்கு 'வாங்க, போங்க' போடுகிறவன்தான் நான். ஆனால் மீசை முளைக்கும் முன்னாலிருந்து ஒரே கூத்து ஜமாவில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ ஆர்மோனியம், நான் மிருதங்கம். அதனால் கடிதத்தில் 'நீ' என்றே எழுதுகிறேன். இதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

போன வாரம் பக்கத்து ஊர் திரௌபதியம்மன் திருவிழாப் படுகளத்தில், அத்தனை பேர் பார்க்க, கையை நீட்டி என்னிடம் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று வீட்டுக்கு வந்த பிறகு செங்கம்மாள்தான் சொன்னாள். "நீ இனிமே ஜமாவுல இல்ல மச்சான்" என்றாயாம். நான் குடித்திருந்ததாகவும் சொன்னாயாம். குடித்தேனா இல்லையா என்று இங்கே வழக்காடப் போவதில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். என்னை எதிலிருந்து தள்ளினாயோ, அந்த ஜமா என்றால் என்ன, மாப்பிள்ளை?

கல்யாணத்துக்கு நாயனக்காரர்கள் வந்தால் மேளம். மார்கழியில் பெருமாள் கோயிலில் பாடிக்கொண்டு போகிறவர்கள் கோஷ்டி. சர்ச்சில் கிளாரினெட் ஊதினால் பேண்டு செட். கூத்துக்கு வாசிக்கிற நமக்கு மட்டும் ஏன் ஜமா? ஜமாய்க்கிறவர்கள் என்பதாலா? அப்படியென்றால் நம்மில் பாதிப் பேருக்கு அந்தப் பேர் செல்லாது. ஜமக்காளத்தில் உட்காருகிறவர்கள் என்பதாலா? கல்யாண வீட்டில் சீட்டாடுகிறவர்களும் ஜமக்காளத்தில்தான் உட்காருகிறார்கள்.

இங்கே எலெக்‌ஷன் ஜீப்புகள் மைக் கட்டிக்கொண்டு சுற்றுகின்றன. செங்கம்மாள் பேஜாரு என்று காதைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பதில் எழுது. திட்டுவதானாலும் எழுதியே திட்டு. நேரில் வர வேண்டாம்.

மணவாளன்

*

புதுவாயல்
15-3-77

மச்சானுக்கு,

முகத்துக்கு நேரே நின்று கத்தினேன். அதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டாயா? இதைவிட வேறு சாட்சி எதற்கு? எந்த நிலையில் உட்கார்ந்து வாசித்தாய் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது. களிமண் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். அவன் தொடையில் குங்குமத் தண்ணீர்ச் சட்டி புதைத்திருக்கிறது. வேஷம் கட்டிய சுப்பராயன் அந்த மண் உடம்பின் மேல் படுத்து, தன் காலைச் சட்டியின் மேல் போட்டிருக்கிறான். வேறு எந்த ஜமாவிலும் உயிருள்ள காலை அங்கே வைப்பதில்லை. நம் அருணகிரி வாத்தியார் கொண்டுவந்த வழக்கம் இது. இதைப் பார்க்கத்தான் ஊர் ஊராக நம்மைக் கூப்பிடுகிறார்கள். வாத்தியார் கடைசி அடியைப் பாடி முடித்ததும் நீ மிருதங்கத்தில் மூன்று அடி வைக்க வேண்டும். மூன்றாவது அடிக்குச் சுப்பராயன் காலை இழுப்பான். அதே அடிக்கு பீமன் வேஷத்து வீரராகவன் கதாயுதத்தை இறக்குவான். சட்டி உடையும்.

வாத்தியார் பாடி முடித்துவிட்டார். நீ பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தாய். வீரராகவன் பழக்க தோஷத்தில் கதையை இறக்கிவிட்டான். சுப்பராயன் உன் அடிக்குக் காத்துக்கொண்டு காலை அங்கேயே வைத்திருந்தான். கதை அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் புதைந்தது. அந்தச் சேறு என் முகத்தில் அடித்தது. பையனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் யாராவது சுத்தியலை ஓங்கினால் கண்ணை மூடிக்கொள்கிறேன். சித்திரை முடிவில் நம் ஊர் திருவிழா. அதே கால், அதே கதை.

நீ கேட்ட சொல்லை எங்கள் கம்பெனி கவுஸ் பாயிடம் கேட்டேன். பழவேற்காட்டிலிருந்து வருகிற மனிதர், அரபி ஓதத் தெரிந்தவர். ஜமா அரபிச் சொல்லாம். கூடுவது, கூடியது என்று அர்த்தமாம். பள்ளிவாசலில் ஜமாத் என்பதும், தாலுக்கா ஆபீசில் ஜமாபந்தி என்பதும் அந்த வேரில் முளைத்தவைதானாம். நவாப் காலத்தில் ஆற்காட்டுப் பக்கம் வந்து, நம் ஆட்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவருடைய யூகம். உன் ஜமக்காளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்தார்.

ஆகையால் கேட்டுக்கொள். கூடியவர்கள்தான் ஜமா. நீ அன்றைக்கு எங்களோடு கூடவில்லை.

துலுக்காணம்

*

கடம்பத்தூர்
27-3-77

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இதற்குள் கவர்மெண்டே மாறிவிட்டது. இன்றைக்கு எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

நான் குடிக்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை.

எழுதியாகிவிட்டது. காக்களூர் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் எத்தனை வருஷமாக நிற்கிறேன் என்பது உனக்குத் தெரியும். முதலில் காதுக்குள் ஒரு வண்டு ரீங்காரம். அப்புறம் காகம் கத்துவது நின்றது. காகம்தான் ஊரை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன், நம்பு. திருவள்ளூரில் ஒரு டாக்டர் பார்த்து, வலது காது அவ்வளவுதான், இடதும் போய்க்கொண்டிருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். இடது காதில் வாயை வைத்துப் பேசினால் இன்னும் கொஞ்சம் விழுகிறது. கூட்டத்தில் எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒரே இரைச்சல். இத்தனை நாள் வாத்தியாரின் வாயைப் பார்த்துத்தான் வாசித்தேன். அன்றைக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன மாதம் ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் தாண்டினேன். யாரோ ஒரு ஆள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். திரும்பி அடிக்கக் கை ஓங்கினேன். அப்போது எக்ஸ்பிரஸ் என் மூக்குக்கு முன்னால் போனது. அவ்வளவு பெரிய ரயில், மாப்பிள்ளை. ஒரு சத்தமும் இல்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

எதைக் கண்டாலும் பயமாக இருக்கிறது. செங்கம்மாள் பேசும்போது சிரிக்க வேண்டிய இடம் எது, தலையாட்ட வேண்டிய இடம் எது என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது. அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. மெஷினில் கை வைக்கிறவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் பட்டறையிலிருந்து மறுநாளே அனுப்பிவிடுவார்கள்.

உனக்குப் புண்ணியமாகப் போகும். நான் குடிகாரன் என்றே வாத்தியாரிடம் சொல்லி வேறு ஆளைப் பார்க்கச் சொல். குடிகாரனை ஊர் ஒரு நாள் மன்னிக்கும். செவிடனைப் பார்த்துச் சிரிக்கும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

மணவாளன்

*

புதுவாயல்
5-4-77

மச்சான்,

கிழித்துவிட்டேன். கனகாவுக்குச் சொல்லவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டாள், கண்ணில் தூசி என்றேன். நம்பவில்லை.

அன்றைக்கு உன்னை அப்படிப் பேசினேனே. இனிமேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

வேறு ஆள் என்றாயே, எங்கே இருக்கிறான்? அந்த மூன்று அடியை உனக்கு வாத்தியார் சொல்லிக்கொடுக்கவே எத்தனை வருஷம் ஆனது? நேற்று ஒரு காரியம் செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு பெஞ்சில், ஆர்மோனியப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். கனகா என்னைப் பார்த்துப் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நீ நாள் முழுக்க இதற்குள்ளேதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். தாளத்துக்குக் கால் அசைந்தால் பெஞ்சு அசைகிறது. அது உடம்புக்குத் தெரிகிறது.

கவுஸ் பாய் இன்னொன்றும் சொன்னார். தொழுகைக்கு வரிசையில் நிற்கும்போது தோளோடு தோள், காலோடு கால் ஒட்டி நிற்பார்களாம். நடுவில் இடைவெளி விடக் கூடாதாம். ஜமா என்றால் கூடியது என்றேனே, எவ்வளவு கிட்டத்தில் கூடுவது என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது தெரிந்துகொண்டேன்.

அதனால் இந்தத் தடவை நான் தரையில் உட்காரப் போவதில்லை. பெட்டியை ஸ்டூலில் வைத்துக்கொண்டு உன் பெஞ்சிலேயே உட்காருகிறேன், முழங்காலோடு முழங்கால் ஒட்டி. வாத்தியார் பாட்டை முடித்த உடனே என் காலால் உன் காலைத் தட்டுகிறேன். தொடையைத் தட்டி பீமனுக்குச் சைகை காட்டியவன் கிருஷ்ணன்தானே. பாரதத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு கண்டிஷன். சுப்பராயனிடம் சொல்லிவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்லாதே, வாத்தியாரிடம்கூட வேண்டாம். அவனிடம் மட்டும். கால் அவனுடையது.

துலுக்காணம்

*

கடம்பத்தூர்
18-4-77

மாப்பிள்ளை,

முடியவில்லை.

சுப்பராயன் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவன் பெண்டாட்டி காபி கொடுத்தாள். முழுகாமல் இருக்கிறாள், தெரியுமா உனக்கு? சுப்பராயன் குழந்தைக்குத் தொட்டில் கட்டும் இடம் இதுதான் என்று உத்தரத்தைக் காட்டினான். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று வாத்தியார் திருவிழாக் கூத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. மாசியில் நடந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்து வெற்றிலை பாக்கை வைத்து மூடினார். எழுபது வயதுக் கிழவர் குனிந்து என் கையை மூடும்போது எப்படித் தள்ளுவது? வாங்கிவிட்டேன். இனிமேல் செத்தால்தான் வராமல் இருக்கலாம். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டவும் முடியாது.

கனவு வருகிறது. கதை இறங்குகிறது, சத்தமில்லை. சட்டி உடைகிறது, சத்தமில்லை. குங்குமத் தண்ணீரா ரத்தமா என்று தெரியவில்லை. சுப்பராயன் வாயைத் திறந்து கத்துகிறான், அதற்கும் சத்தமில்லை. அவன் கத்துகிறானா சிரிக்கிறானா என்று நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சொன்னால் அவன் ஆட மாட்டேன் என்பான். அதோடு என் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் உன் முழங்கால் காப்பாற்றிவிடும் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனம்தான் இப்போது என்னைவிட நன்றாகப் பேசுகிறது. அதைப் பார்த்தும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மணவாளன்

*

(கார்டு)
புதுவாயல்
23-4-77

மச்சானுக்கு.

லீவு சொல்லிவிட்டேன். காப்புக் கட்டும் நாளுக்கு வந்துவிடுவேன். கார்டு என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன், தபால்காரர் படிப்பார். முந்தைய கடிதத்தில் நான் போட்ட கண்டிஷன் அப்படியே இருக்கிறது. படுகளத்தன்று காலைக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். என்னைச் சொல்ல வைக்காதே.

கனகாவும் வருகிறாள். உனக்குப் பிடிக்கும் என்று கருவாடு வாங்கி வைத்திருக்கிறாள். காப்புக் கட்டினால் தொடக் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை.

துலுக்காணம்

*

கடம்பத்தூர்
10-5-77

மாப்பிள்ளை,

ஊர் சேர்ந்திருப்பாய். பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனால் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. நீ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதால் எழுதுகிறேன்.

படுகளத்தன்று காலையில் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுப்பராயனைத் தனியாகப் பம்புசெட் பக்கம் கூட்டிப் போனேன். நீ தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். சொல்கிறேனா இல்லையா என்று உளவு பார்த்தாய் என்பது எனக்குத் தெரியும். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காகத்தை, ரயிலை, மாசிப் படுகளத்தை. அவன் குந்தி உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தான். முகம் வெளுத்துப்போயிற்று. என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். எழுந்து வந்து என் இடது காதில் வாயை வைத்தான்.

"இன்னாண்ணா, இத்த இம்மா நாளா தனியாவா வச்சிக்கினு இருந்த?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேஷம் கட்டப் போய்விட்டான். அவன் மண் மேல் ஏறிப் படுக்கிற வரைக்கும் எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

இனி உன் கால் விஷயம். மாப்பிள்ளை, உன் முழங்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து நடுங்கியது. வீரராகவன் கதையைத் தூக்கியதும் பெஞ்சே ஆடியது. நீ தட்டினாயா, தட்டப் போகிறாயா, ஏற்கனவே தட்டிவிட்டாயா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியாரைப் பார்த்தேன், முதுகு தெரிந்தது. கூட்டம் கையைத் தூக்கி கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தது. எனக்குள் வண்டு மட்டும் கத்தியது. அந்த நேரத்தில் நான் பட்ட பயத்தை இன்னொருவன் படக் கூடாது. கை தன் பாட்டுக்கு வாசித்தது. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்தது.

அப்போது சுப்பராயனைப் பார்த்தேன். எப்போதும் வானத்தைப் பார்த்துப் படுப்பவன் அன்றைக்குத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் கடைசி அடியைத் துரியோதனன் தலைமாட்டில் நின்றுதான் பாடுவார். அந்த இடத்தில் அந்தப் பாட்டு அவனைவிட யாருக்கும் நன்றாகக் கேட்காது. அவன் கண்ணில் பயம் அப்படியே தெரிந்தது. வலது கை மண் மார்பின் மேல் இருந்தது. அந்தக் கை எழுந்தது. ஒன்று தட்டியது. நான் ஒன்று வைத்தேன். இரண்டு தட்டியது. நான் இரண்டு வைத்தேன்.

மூன்றுக்கு நான் அவன் கையைப் பார்க்கவில்லை. கதையைப் பார்த்தேன். அது மேலே இருந்தது, அவன் கால் கீழே இருந்தது. பாட்டு முடிந்தது அவனுக்குத் தெரியும். காலை மட்டும் காப்பாற்றிக்கொள்ள நினைத்திருந்தால் எப்போதோ இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. என் அடிக்காக வைத்திருந்தான். மூன்றாவது அடியைப் போட்டேன். குங்குமத் தண்ணீர் பீறிட்டது. அவன் இரண்டு காலிலும் எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மூச்சு விட்டேன்.

நீ உடனே என் தோளைத் தட்டி, பார்த்தாயா என் முழங்காலை என்று சைகை காட்டினாய். கூட்டத்துக்கு நடுவில் உண்மையைச் சொல்லி உன் மானத்தை வாங்க மனம் வரவில்லை. இப்போது வாங்கிவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று.

மறுநாள் செங்கம்மாளிடம் சொன்னேன். போன பொங்கலிலிருந்தே தெரியும் என்றாள். பட்டறையில் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். இடது காதும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. திருவிழா நன்றாக நடந்ததால் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அது வீட்டிலேயேதான் இருக்கிறது.

கவுஸ் பாயிடம் எனக்காக ஒன்று கேள். ஜமா என்றால் கூடியவர்கள் என்றாரே. அன்றைக்கு நான் பயந்திருந்தேன், நீ பயந்திருந்தாய், மண் மேல் படுத்திருந்தவன் எல்லாரையும்விடப் பயந்திருந்தான். பயந்தவர்கள் கூடினாலும் அதே சொல்தானா, இல்லை அதற்கு வேறு சொல் இருக்கிறதா?

மணவாளன்

*

(கார்டு)
புதுவாயல்
16-5-77

மச்சான்,

கேட்டேன். அதே சொல்தானாம்.

என் முழங்காலைப் பற்றி கனகாவிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை நானும் சுப்பராயனும் வருகிறோம், பட்டறை மேஸ்திரியை மூன்று பேருமாகப் போய்ப் பார்க்கலாம். ஸ்டேஷனுக்கு வந்தால் உன் வீட்டுப் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே நில். தண்டவாளத்தைத் தாண்டாதே, நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

துலுக்காணம்